பல்செட்காரர் வாசித்த லைவ் ஆல்பம்

மனிதனுக்கு வாயைப் படைத்தவன் அதைத் திறந்து உள்ளே பார்த்திருக்க மாட்டான் என்பது பல்செட்காரரின் தீர்மானமான கருத்து. பாதி வாழ்க்கையை அடுத்தவர் வாயின் அச்சை வைத்தே ஓட்டியவர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகள் காலையில் அவர் மேஜைக்கு வந்து சேரும். மேலண்ணமும் ஈறும் பதிந்த ரோஸ் நிறப் பசை. சிலதில் எச்சில் காய்ந்திருக்கும், சிலதில் முந்தின ராத்திரி சாப்பிட்டது ஒட்டியிருக்கும். கழுவி, அதில் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, வேகவைத்து, அரைத்து மெருகேற்றுவது அவர் வேலை. அதைவிட மோசம் ரிப்பேர் கேஸ்கள். உடைந்த பல்செட்டைக் காகிதத்தில் சுற்றி, வாயிலிருந்து எடுத்த ஈரத்தோடு நேராகவே லேபுக்கு வந்து கையில் வைப்பார்கள். சூடு கூட ஆறியிருக்காது.

இப்படி முகம் சுளித்துச் சுளித்து மூக்கின் இரு பக்கமும் கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோடு பிறகு வாயோடு நிற்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவரின் காது, தொலைக்காட்சியில் அழுகிறவர்களின் மூக்கு, பக்கத்து வீட்டு நாய், எல்லாமே குமட்டலாகிப் போயிற்று. வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். யார் மென்றாலும் அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

சிரிப்பது அபூர்வம். சிரித்தால் அது வாய் வழியாக வராது, மூக்கு வழியாக விட்டுவிட்டு வரும், காற்றுப் போன சைக்கிளுக்குப் பம்ப் அடிப்பதைப் போல. "நாலு பேர் இருக்கற இடத்துல மட்டும் சிரிச்சுடாதீங்க" என்று மனைவி கல்யாணமான புதிதிலேயே கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு பேச்சை அவர் தட்டியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷர் ஒரு காலத்தில் இடுப்பு வரை முடி வளர்த்து, ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் என்று சொன்னால் லேபில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவரும் சொல்வதில்லை. குழுவின் பெயர் இரும்புப்பல். நாலு பேர். கிட்டார் வாசித்தவரைக் கம்பி என்பார்கள், டிரம்ஸ் வாசித்தவரை டமாரம் என்பார்கள். பாடகருக்குப் பெயர் சங்கு. அவர் அலறினால், ஷிப்ட் முடிந்து ஆலைச் சங்கு ஊதியது என்று நினைத்து ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அதன் கடைசிப் பாட்டு அந்த அலறலில்தான் முடியும். அந்த அலறலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நரைத்த தலையோடு அங்கங்கே இருக்கிறார்கள். பேஸ் வாசித்தது யார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

குழு கலைந்தது ஒரு போட்டோவால். ஆல்பம் அட்டையில் சங்கின் தலை முன்னால் பெரிதாக இருந்து மற்ற மூன்று முகத்தையும் மறைத்துவிட்டது. அதில் வந்த சண்டை ஆளுக்கொரு திசையாகத் துரத்தியது. ஆனால் அதற்குள் பல்செட்காரர் சங்கின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். குழுவை விட்டு ஓடலாம், மச்சானை விட்டு எங்கே ஓடுவது? நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருந்தது. சங்கு எதிரே உட்கார்ந்து பழம் தின்பதைப் பார்ப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று பல்செட்காரர் மனைவியிடமே சொல்லியிருக்கிறார். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

அந்த மச்சான்தான் ஒருநாள் லேபுக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே வாயைத் திறந்தார்.

மேல் வரிசை முழுக்கக் காலி. கீழே நாலைந்து, பழுப்பேறிச் சாய்ந்து, எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றன. புகையிலை நாற்றம் லேபின் மருந்து நாற்றத்தையே தள்ளிக்கொண்டு வந்தது.

"மாப்ள, மறுபடியும் ஒண்ணு சேர்றோம்" என்றார் மச்சான். "ஒரே ஒரு கச்சேரி. அதை அப்படியே பதிவு பண்ணி லைவ் ஆல்பமா போடப் போறாங்க. எனக்கு மேல் செட் ஒண்ணு போட்டுக் குடு."

பணம் போடுவது ஒரு டைல்ஸ் கடை முதலாளி, அந்தக் கால ரசிகர்.

"இந்த வாயை வெச்சுக்கிட்டு நீ அலறப் போறியா மச்சான்?"

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்திருக்கேன்."

பல்செட்காரர் செட் செய்து கொடுத்தார். நன்றாகவே செய்தார், வேலையில் அவர் குறை வைப்பவரில்லை. "மேல் செட்டு காத்துப் பிடிப்புலதான் நிக்கும். பேசலாம், பாடலாம். வாயை முழுசாத் திறந்து அலறினா காத்துப் பூந்து கழண்டுரும். பசை வெச்சுக்கோ" என்று சொல்லிப் பசைக் குழாயையும் கையில் கொடுத்தார். பசை வைத்தால் எச்சில் கொழகொழவென்று குரலைக் கெடுக்கும் என்று மச்சான் அதை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒத்திகை இன்னும் அருவருப்பு. கம்பியின் கறுப்புச் சாயம் வியர்வையில் கரைந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. டமாரம் குடலிறக்கத்துக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அதைத் தளர்த்தி ஏப்பம் விட்டார். மச்சான் தோல் கால்சட்டைக்குள் தொப்பையைத் திணிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் மேலே, மச்சானின் குரல் பழைய உயரத்துக்கு எட்டாததால், எல்லாரும் ஒரு கட்டை இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். வயதான குழுக்கள் எல்லாமே செய்கிற காரியம்தான் இது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. பல்செட்காரருக்குத் தெரிந்தது, அது போதும் அவருக்கு.

கச்சேரி நடந்த இடம் ஒரு பழைய சினிமா அரங்கம். மேடைக்குப் பின்னால் எலிப் புழுக்கை. உடை மாற்றும் அறையின் கழிப்பறையைப் பற்றி எழுத வேண்டாம். பாதி அரங்கம்தான் நிரம்பியது, அதிலும் பாதிப்பேர் உட்கார நாற்காலி தேடினார்கள். மூன்றாவது வரிசையில் பல்செட்காரரின் மனைவி, அண்ணனைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பாட்டு வரை தடங்கலில்லை. கடைசிப் பாட்டுக்குப் பல்செட்காரர் அதுவரை வாசித்த இரவல் கிட்டாரைக் கழற்றிவிட்டுத் தன் பழைய பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டினார். அதை வீட்டில் எடுத்துத் துடைத்து, கம்பி மாற்றி, சுருதி சேர்த்து வைத்திருந்தார். எந்தச் சுருதி? பழைய சுருதி. கை பழக்கத்தில் அந்தக் காலத்து உயரத்திலேயே முறுக்கி வைத்துவிட்டார், ஒரு கட்டை இறக்க மறந்து போனார். அப்படித்தான் அவர் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

மச்சானுக்கு டமாரத்தின் தாளத் தட்டு பக்கம் இருந்த காது எப்போதோ போய்விட்டது. இன்னொரு காதில் கேட்கும் பேஸைப் பிடித்துக்கொண்டுதான் என்றைக்கும் பாடுவார். அன்றும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். கிட்டார் கீழே, பேஸும் குரலும் மேலே, நடுவில் கண்ணாடியில் ஆணி கீறுவதுபோல் ஒரு சத்தம். விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். மச்சான் இறங்கவில்லை. அலற வேண்டிய இடம் வந்ததும், இளம் வயதில் திறந்த மாதிரியே வாயைத் திறந்தார்.

பல்செட் பறந்தது. மைக்கில் டக்கென்று இடித்து, மேடையில் விழுந்து, பல்செட்காரரின் காலருகே வந்து நின்றது. நீல வெளிச்சத்தில் எச்சில் மின்ன, தான் நிறுத்திய பல் வரிசை தன்னையே பார்த்து இளிப்பதை அவர் பார்த்தார்.

கம்பி நிறுத்திவிட்டார். டமாரமும் நிறுத்திவிட்டார். பல்செட்காரரின் விரல் மட்டும் நிற்கவில்லை. அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது என்பது அவர் நினைவு. மச்சான் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்தார். மேலுதடு உள்ளே போய், பத்து வயது கூடிய முகத்தோடு, அந்தப் பாட்டின் முதல் அடியைத் தாழ்ந்த குரலில், எழுத்தெல்லாம் ஈறில் வழுக்க, மறுபடியும் பாட ஆரம்பித்தார். கீழே பேஸ் மட்டும். அலறலே இல்லாமல் கடைசி வரை பாடினார்.

அந்தச் சில நிமிஷம் பல்செட்காரருக்கு எதுவும் குமட்டவில்லை. இது நிஜம். வாயும் நிஜம், குரலும் நிஜம். தன் பேஸை முதல் தடவையாக ஒரு கூட்டம் காது கொடுத்துக் கேட்டதும் நிஜம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: "எந்தப் பீடை அப்படிச் சிரிச்சதோ. அவன் வாயில புழு விழ."

"ஹாலே சிரிச்சுது. யாரைன்னு திட்டுவ?"

"இல்லங்க. ஒருத்தன். ஸ்பீக்கர்ல கொரகொரன்னு கேட்டுச்சு. எங்கண்ணன் மானம் போற நேரத்துல சிரிக்கறவன் மனுஷனா?"

அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவையாவது, காய் நறுக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, அந்தச் சிரித்தவனுக்கு ஒரு சாபம் விழுந்தது. பல்செட்காரரும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை போட்டார். அவருக்கும் அந்தக் கூட்டத்தின்மேல் கோபம்தான்.

பதிவான சத்தங்களைச் சேர்த்து ஆல்பமாகக் கலக்கும் வேலை ஒரு ஸ்டூடியோவில் நடந்தது. நடத்துவது ஓர் அம்மாள், அதிகம் பேசாதவர். ஒருநாள் குழுவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். பல்செட்காரர் முதல் பாட்டிலேயே முகம் சுளித்தார். பாதி அரங்கம் கைதட்டியது பெரிய மைதானம் கைதட்டியதாக மாறியிருந்தது. எங்கோ ஒரு கால்பந்துப் போட்டியில் பதிவு செய்த கூட்டமாம். டமாரம் தவறவிட்ட அடிகளெல்லாம் திரும்ப வந்து வரிசையில் நின்றன. ஒரு கட்டை இறக்கிப் பாடியதை இயந்திரத்தால் மேலே ஏற்றியிருந்தார்கள். கம்பி கண்ணை மூடித் தலையாட்டினார். தான் வாசிக்காததைக் கேட்டு மயங்குகிற ஒரு மனுஷனைப் பல்செட்காரர் அன்றுதான் பார்த்தார்.

கடைசிப் பாட்டு வந்தது. அலறலும் வந்தது, இளமையாக, முழுப் பல்லோடு. பழைய ஆல்பத்திலிருந்து வெட்டி ஒட்டியது. பல் விழவில்லை, யாரும் பொத்திக்கொண்டு நிற்கவில்லை, ஈறில் வழுக்கிய அந்தப் பாட்டு இல்லவே இல்லை.

"இது ஆல்பமா, பிணத்துக்குப் பவுடர் போட்ட கதையா?" என்றார் பல்செட்காரர். "மத்ததை எப்படியோ பண்ணித் தொலைங்க. கடைசிப் பாட்டு மட்டும் நடந்தபடியே இருக்கணும். இல்லைன்னா என் பேரையும் என் வாசிப்பையும் எடுத்துடுங்க."

மச்சான் எழுந்து வெளியே போனார். வெட்கம், பல் போன வெட்கம் என்று பல்செட்காரர் நினைத்தார். அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்குக் குமட்டல் தொண்டை வரை வந்தது. அன்றிரவு மனைவியிடமும் சொல்லிவிட்டார்: "உங்கண்ணன் வாழ்க்கையில நேர்மையாப் பாடினது அந்த ஒண்ணுதான். நான் அதை ஆல்பத்துல வர வெச்சுக் காட்டறேன்." அவள் அன்றைக்கு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவரும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த வாரம், கைதட்டல் பதிவுக்கு நாள் குறித்திருந்தார்கள். மைதானக் கூட்டம் தூரத்தில் கேட்டால் போதாது, பக்கத்திலும் நாலு பேர் தட்ட வேண்டுமாம். குழுவினர், அவர்கள் வீட்டார், டைல்ஸ் கடை ஆட்கள் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. தன் கச்சேரிக்குத் தானே கைதட்டும் இந்த அசிங்கத்துக்கு வருவதில்லை என்றுதான் பல்செட்காரர் முதலில் இருந்தார். பிறகு அந்த அம்மாளைத் தனியாகப் பிடிக்கலாமென்று எல்லாருக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

"அந்தப் பாட்டை எடுக்கச் சொன்னது யாரு?"

"பாடகர் சார்தான்."

"என்ன காரணம் சொன்னார்?"

"எதுவும் சொல்லல. ஒரு தடவை கேட்டார். எடுத்துடுங்கன்னார்."

"நானும் கேக்கணும். போடுங்க."

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "கேட்டே ஆகணுமா சார்?" என்றார். பிறகு போட்டார்.

அலறல் கிளம்பியது, டக்கென்று இடித்தது, கிட்டாரும் டிரம்ஸும் நின்றன. பேஸ் ஓடியது. பல்செட்காரர் காதைக் கூர்மையாக்கினார்.

"கூட்டம் சிரிச்சதைக் குறைச்சுட்டீங்களா?"

"கூட்டம் சிரிக்கல சார்."

"நான் அங்கேதான் நின்னேன். ஹாலே சிரிச்சுது."

ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. அந்த அம்மாள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, அரங்கத்தைப் பார்த்து வைத்திருந்த இரண்டு மைக்கை மட்டும் திறந்தார். ஆட்கள் மூச்சு விடும் சத்தம். யாரோ இருமினார். ஒரு பெண் குரல் மெல்ல "ஐயோ அண்ணா" என்றது. ஸ்பீக்கரிலிருந்து வந்து சுவரில் மோதிய ஏதோ ஒரு கொரகொரப்பு. அவ்வளவுதான்.

பிறகு அதையும் மூடிவிட்டு, மச்சானின் மைக்கை மட்டும் திறந்தார்.

பல் மோதிய சத்தம். அதற்குப் பின்னால், மிக அருகில், மூக்கு வழியாக விட்டுவிட்டு, பம்ப் அடிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஒரே ஒரு ஆள். நிற்காமல் சிரித்தார். நல்ல மைக், ஒன்றையும் விடவில்லை. சிரிப்பின் நடுவே அவர் மூச்சை இழுத்துக்கொள்வதும், மூக்கில் சளி ஏறி இறங்குவதும்கூடக் கேட்டது.

பல்செட்காரர் எத்தனையோ வாயைப் பார்த்தவர். இப்படி ஒரு நாற்றத்தை எதிலும் கண்டதில்லை.

"இதை மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள் முயற்சி பண்ணினேன் சார். அவர் பாட ஆரம்பிச்ச பிறகும் நீங்க நிறுத்தல. அவர் குரல் மேலேயே ஏறியிருக்கு. இதை எடுத்தா அவர் பாட்டும் போயிடும்."

வெளியே நடைபாதையில் மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் கோப்பையில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பல்செட்காரர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டியா மாப்ள?"

"கேட்டேன்."

"அதான்."

பல்செட்காரர் நின்றபடியே இருந்தார். "அன்னைக்கே என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாமே மச்சான்."

"மேடையிலயா? பாட்டு பாதியில இருந்துச்சே." மச்சான் டீயில் மிதந்த ஆடையை விரலால் எடுத்துப் பெஞ்சின் அடியில் துடைத்தார். "எனக்கென்ன, நான் பல்லு போனவன், சிரிச்சா சிரிச்சுட்டுப் போ. அவ தினமும் போன் பண்ணி அந்த ஆளைத் திட்டறா. வேற யாருக்குத் தெரியாட்டியும் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்டா. அன்னைக்கு ஸ்பீக்கர்ல கொரகொரன்னு கேட்டதால தப்பிச்சே, ஆல்பம் வந்தா நூறு தடவை கேப்பா. அவ வீட்டுக்குள்ளயே அந்த ஆள் உக்காந்திருக்கான்னு நான் எப்படிச் சொல்றது?"

"அது நல்ல பாட்டு மச்சான்."

"ஆமா. நல்லாத்தான் பாடினேன்" என்றார் மச்சான். கோப்பையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, செட்டை வாயில் பொருத்திக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். பெரிய அறையில் மைக்கைச் சுற்றி அரை வட்டமாக நிறுத்தினார்கள். மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, பேசினீங்களா? கடைசிப் பாட்டு வருதா?"

"வராது."

"ஏன்? அண்ணன் ஒத்துக்கலையா?"

"நான்தான் வேண்டாம்னேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு அத்தனை பேசினீங்க. உங்களுக்கு எங்கண்ணன் பேர்ல எப்பவுமே இளக்காரம்தான்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாள் கையைக் காட்டினார். எல்லாரும் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். மனைவி வாய்விட்டு "அண்ணா" என்று கத்தினாள், தொண்டை கம்மும்வரை. கம்பி தனக்குத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார். டைல்ஸ் கடை முதலாளிக்குத் திருப்தியில்லை.

"கூட்டம்னா கலகலன்னு இருக்க வேண்டாமா? யாராவது கொஞ்சம் சத்தமாச் சிரிங்கப்பா."

யாருக்கும் சட்டென்று சிரிப்பு வரவில்லை. மனைவி பல்செட்காரரை முழங்கையால் இடித்தாள். "நீங்கதான் சிரிங்களேன். உங்க சிரிப்பு மைக்ல நல்லா விழும். இங்க யாரு என்ன சொல்லப் போறா?"

மச்சான் எதிரே நின்றுகொண்டிருந்தார். செட்டு கழன்றுவிடாமல் இருக்க உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

"சிரிப்பு வேண்டாம் சார், கைதட்டல் மட்டும் போதும்" என்று அம்மாளின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

பல்செட்காரர் மூச்சைக்கூட மூக்கு வழியாக விடாமல், உள்ளங்கை எரிய எரியத் தட்டினார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.